ரப்பர் பேண்ட் போட்டது பர்லோடது

துப்பாக்கியைக் கடையில் வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவதா என்ற கேள்வியை எங்கள் கோமாஞ்சி மாவட்டத்தில் வாய் தவறிக்கூட யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். தீவனக் கடையில் கோழித் தீவன மூட்டைக்குக் காத்திருந்தபோது சும்மா பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். மூட்டை வண்டியில் ஏறி வெகு நேரம் ஆன பிறகும் என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

"வாங்கிடு, ஒலீட்டா. ஏதாவது கோளாறுன்னா கொண்டுபோய் அவன் தலைல கட்டலாம்" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"வாங்காதே. திங்கட்கிழமை காலைல எவனோ தூக்கக் கலக்கத்துல பூட்டினதைத்தான் உனக்கு அனுப்புவான். பாகத்தை வரவழைச்சு நீயே பூட்டு" என்றார் பின்னால் நின்றவர்.

இரண்டு பேரும் அதன் பிறகு என்னை மறந்துவிட்டார்கள். அவர்களுக்குள் குழல் நீளம் பற்றிச் சண்டை வந்தது. நான் ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டேன், அவர்கள் பேசியதைக் கேட்டால் ஏழெட்டுத் துப்பாக்கி இருக்கும் போலிருந்தது.

அதோடு விட்டதா? பல் டாக்டர் என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, பூட்டுவதுதான் உத்தமம் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். பதில் பேச முடியாத ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. தேவாலயத்து விருந்தில் போதகரின் மனைவி பீன்ஸ் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை ஓரமாக இழுத்தாள். "வாங்கிடுடி. எங்க வீட்டுக்காரர் பூட்டறேன்னு ஆரம்பிச்சு மூணாவது ஈஸ்டர் வந்தாச்சு. சாப்பாட்டு மேசை பூரா பாகங்க, அதுல நாங்க இன்னும் சாப்பிடல" என்றாள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். பன்றிதான் காரணம்.

நாங்கள் நிலக்கடலை போடுகிறவர்கள். ஆற்றோரம் இருக்கிற மணல் நிலம் எங்களுடையது இல்லை, நாடின் கெச்சம் என்கிற விதவையுடையது. வருஷக் குத்தகை. போன வருஷம் விதைத்த மறுநாளே காட்டுப்பன்றிகள் வந்தன. அதுகளுக்கு மோப்பம் என்றால் அப்படி ஒரு மோப்பம். விதை விழுந்த வரிசையை விட்டு ஒரு சாண் விலகாமல், துணியில் தையலைப் பிரிக்கிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு பருப்பாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். மறுபடி விதைத்தோம். மறுபடி தின்றன. அறுவடைக்கு நாடின் வந்து பாதி நிலம் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்தாள்.

"ஒலீட்டா, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா அடுத்த வருஷமும் இப்படி மொட்டையா கிடந்தா நிலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த நிலம் போனால் எங்களுக்கு விவசாயமே இல்லை. பாக்கி இருப்பது வீடும், பெக்கான் கொட்டை மரம் நாலும், கோழியும்தான்.

முன்னெல்லாம் பன்றி விவகாரத்தைப் பர்ல் பார்த்துக்கொள்வான். பர்ல் என் கணவன். கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் வரப்பில் போய் உட்காருவது அவன் வேலை, எழுந்து காப்பி போடுவது என் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கண் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை. நடுவில் மட்டும் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் பார்ப்பான். அப்படிப்பட்டவன் எதைக் குறி வைப்பது?

ஆகவே நான். நான் நன்றாகவே சுடுவேன், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் பர்லின் பழைய துப்பாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடுகிற இரும்பை, இழுத்துத் தள்ள வேண்டியது. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். அது உதைத்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டாவது குண்டு ஏற்றுவதற்குள் கூட்டம் ஆற்றைத் தாண்டியிருக்கும். அதனால்தான் விசையை ஒரு தரம் இழுத்தால் ஒன்று சுட்டுவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்கிற வகை வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவில் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஒற்றுமை.

"பூட்டிடலாம். உன் தோளுக்கு, உன் கை நீளத்துக்கு அளவா. கடைக்காரனுக்கு உன் தோளைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் பர்ல்.

கார்லண்ட் அவனுடைய தம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. என் பிஸ்கட் எப்போது அடுப்பிலிருந்து இறங்கும் என்று அவன் மூக்குக்குத் தெரியும். "டேய், உனக்கு உப்பு எது சர்க்கரை எதுன்னே தெரியல. நீ துப்பாக்கி பூட்டப் போறியா?" என்றான், வாயில் பிஸ்கட்டோடு.

"விரல் இருக்குடா எனக்கு."

"விரலாலதான் நேத்து காப்பில உப்பைப் போட்டியா?"

"அது உன் கப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

இப்படியே ஜனவரி போனது. பிப்ரவரி போனது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், அதாவது ஒருத்தன் முகத்தையும் ஒருத்தன் காதையும். நான் திருதிருவென்று முழிப்பேன்.

குழப்பம் எனக்குத் துப்பாக்கியில் இல்லை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம் என்று சொன்னால் பர்ல் ஒன்றும் பேச மாட்டான். "சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவான். கண் போனதிலிருந்து அந்த நாற்காலியைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும். பூட்டலாம் என்று சொன்னால், பார்வை இல்லாதவன் பூட்டினதை நம்பி என் முகத்தோடு ஒட்டி வைத்துச் சுட வேண்டும், அதை நம்பித்தான் நாடினுடைய நிலமும். காலையில் எழுந்தால் வாங்கலாம் என்று தோன்றும். பர்ல் சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போடுவதைப் பார்த்தால் பூட்டலாம் என்று தோன்றும். சாயங்காலம் அவன் கதவில் இடித்துக்கொண்டால் மறுபடி வாங்கலாம்.

நான் முடிவு சொல்லவில்லை. சொல்லாததை ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

பர்ல் பாகங்களை வரவழைக்க ஆரம்பித்தான். சட்டம் எந்தத் துண்டைத் துப்பாக்கி என்று சொல்கிறதோ அந்த ஒரு துண்டைக் கடைக்கே போய்ச் பழைய வழக்கு ஏதும் உண்டா என்கிற சோதனைக்கு நின்று வாங்கி வந்தான். நான்தான் வண்டி ஓட்டினேன். மற்றதெல்லாம் அட்டைப் பெட்டியில் வாசலுக்கு வந்தது. சமையலறை மேசையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்துவிட்டான். நாற்காலி காலி. போல்ட்டை இழுத்து விடுவான், காதைச் சாய்த்துக் கேட்பான், மறுபடி இழுப்பான். "சத்தமே சொல்லிடும் ஒலீட்டா, உள்ள எது உட்கார்ந்திருக்கு எது உட்காரலன்னு" என்பான். சும்மா இரு மனுஷா, தலை வலிக்குது என்று திட்டுவேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

இதற்கிடையில் கார்லண்ட் பொறுமை இழந்து கடைக்குப் போய்த் தனக்கென்று புதிதாக ஒன்று வாங்கிவிட்டான். வாங்கினதை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். "விதைப்பு முடியறவரைக்கும் இங்க இருக்கட்டும். அவன் பூட்டி முடிக்கறதுக்குள்ள பன்னிக்குப் பேரன் பொறந்துடும்" என்றான்.

பர்ல் முடித்துவிட்டான். ஏப்ரல் கடைசியில் துப்பாக்கிக் கடைக்காரர் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். குட்டைக் கரையில் வைத்து நானும் சுட்டுப் பார்த்தேன். தோளில் பூனை முட்டினது போலத்தான் இருந்தது. ஆக இப்போது இரும்புப் பெட்டியில் இரண்டு. ஒன்று வாங்கினது, ஒன்று பூட்டினது. எனக்கு முன்னைவிடக் குழப்பம்.

இன்னொரு சங்கதி. கார்லண்டுடையது மெலிந்த குண்டு போடுவது. பன்றிக்குத் தடித்த குண்டுதான் நிற்கும் என்று பர்ல் தன்னுடையதைத் தடித்த குண்டுக்குப் பூட்டியிருந்தான். தோட்டாக்கள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. நுனி மட்டும்தான் வேறு. குண்டுகளை அடுக்கி வைக்கிற மேகசின் இரண்டுக்கும் ஒன்றேதான்; இதில் போடுவது அதிலும் போகும். மெலிந்த குழலில் தடித்த குண்டை அடைத்துச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும், கன்னம் அங்கேதான் இருக்கும். இதையெல்லாம் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில், நான் அடுப்பிலிருந்து சோள ரொட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஆளுக்கு ஒரு காதில் கத்தினார்கள்.

"போல்ட் மூடலேன்னா பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு, ஓங்கித் தட்டு. போல்ட் போய் உட்கார்ந்துடும்" என்றான் கார்லண்ட்.

"ரப்பர் பேண்ட் போட்டது என்னுது. போடாதது அவனுது. ஞாபகம் வெச்சுக்க" என்றான் பர்ல். ப்ரொக்கோலிக் கட்டில் வருமே, நீலமாக, பட்டையாக, அந்த ரப்பர் பேண்டைத் தன் மேகசின் ஒவ்வொன்றிலும் மாட்டியிருந்தான். கண்ணுக்குத் தேவையில்லை, தடவினாலே தெரியும். பெட்டிக்கு மேல் தட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது.

"சரி, சரி, தெரியும்" என்றேன். அரைக் காதில்தான் வாங்கியிருந்தேன்.

மே மாதம் நடுவில் விதைத்தோம். அன்றைக்குக் காற்று பேய்க் காற்று. விதையை எந்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தவள், தலைமுடி வாயிலும் கண்ணிலும் போய் ஒட்டவும், வீட்டுக்குள் ஓடி வந்து கைக்குக் கிடைத்த எதையோ எடுத்து முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினேன். அன்று ராத்திரி அதை அவிழ்த்துக் குழாயடியில் வைத்தேன். மறுநாள் விடியற்காலை முகம் கழுவிவிட்டு அதையே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டும் நின்றன. பர்ல் வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வந்து வண்டியில் உட்காருவான், சத்தம் கேட்டுச் சொல்வான் என்று ஏற்பாடு. என் கை அவனுடையதின் மேல் போனது. போய் நின்றது. இன்றைக்கு ஒரு நாள் தவறினால் நிலம் போய்விடும் என்று தோன்றியது. கையை எடுத்துக் கார்லண்டுடையதை எடுத்தேன்.

பர்ல் திரும்பவே இல்லை, எடுத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "அவனோடதா" என்றான்.

"இன்னிக்கு மட்டும், பர்ல்."

"சரி" என்றான். அந்த நாற்காலிச் சரி. பிறகு, "மேகசின் ரப்பர் பேண்ட் இல்லாததுதானே?" என்றான்.

தடவிப் பார்த்தேன். "இல்லாததுதான்" என்றேன்.

நிலத்தோரம் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். வெளுத்துக்கொண்டு வந்தது. அவன் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வந்தாச்சு, ஆத்துப் பக்கம்" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பெரிய தாய்ப் பன்றி ஒன்று முன்னால், பின்னால் குட்டிகளும் பெரிசுகளுமாக ஒரு கூட்டம். தலையைக் குனிந்து, வரிசையில் மூக்கை வைத்து, அவசரமே இல்லாமல் வந்தன.

கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினேன். வண்டி முன்பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, மேகசினைச் செருகி, போல்ட்டை இழுத்து விட்டேன். அது முழுசாகப் போய் மூடவில்லை. விரல்கடை அளவு நின்றுவிட்டது.

தாய்ப் பன்றி அடுத்த வரிசைக்குத் திரும்பியது. கார்லண்ட் சொன்னது ஞாபகம் வந்தது. பொத்தானைத் தட்ட உள்ளங்கையை ஓங்கினேன்.

"தட்டாதே" என்றான் பர்ல், வண்டிக்குள்ளிருந்து.

"மூடல பர்ல்."

"தட்டாதே. சத்தம் சரியில்ல."

"கார்லண்ட் தட்டச் சொன்னான். தின்னுட்டுப் போகுது பர்ல், பாரு."

"கையை எடு ஒலீட்டா." அவன் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கையை எடுத்தேன்.

அவன் இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே வந்து, துப்பாக்கியை வாங்கினான். மேகசினைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். போல்ட்டை இழுத்து, உள்ளே சிக்கியிருந்த தோட்டாவை உள்ளங்கையில் தள்ளி, கட்டைவிரலால் அதன் நுனியைத் தடவினான். ஒரு தரம் தடவினான். இன்னொரு தரம் தடவினான்.

"இது என்னுது. தடிச்சது" என்றான்.

"இருக்காது. ரப்பர் பேண்ட் இல்ல. நான் தடவித்தான் எடுத்தேன்."

"ரப்பர் பேண்ட் எங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். கோபமாகவே சொன்னேன். பன்றி இரண்டாவது வரிசையில் பாதி வந்திருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். என்னை என்றால் என் காதுக்குப் பக்கத்தில். ஓரக்கண்ணில்தானே அவனுக்குத் தெரியும். நீலமாக ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டி, என் பின்னந்தலையில் வைத்து, முடியைக் கட்டியிருந்ததை விரலால் இழுத்துப் பார்த்தான். இழுத்து விட்டான். அது 'டப்' என்று என் முடியில் அடித்தது.

முந்தின நாள் காற்றில் முடி கட்ட அவன் மேகசினிலிருந்து நான் உருவிக்கொண்டு ஓடியது அதைத்தான். அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பர்ல் தோட்டாவைச் சட்டைப் பையில் போட முயன்று இரண்டு தடவை கீழே போட்டான். பன்றிகள் இரண்டு வரிசையையும் நிதானமாக முடித்துக்கொண்டு, வெயில் வந்ததும் ஆற்றுக்குப் போய்விட்டன. நாங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கார்லண்டுக்குச் சொன்னதும் அவன் பிஸ்கட்டைத் தொடவில்லை. "நான்தான் தட்டச் சொன்னேன்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு என்ன ஆனது தெரியுமா? இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள்.

"என்னுதை நான் எடுத்துட்டுப் போயிடறேன். பர்ல் பூட்டினதே போதும், அதை வெச்சுக்கோங்க" என்றான் கார்லண்ட்.

"வேணாம். வாங்கினதையே வெச்சுக்கட்டும். என்னுதைக் கழட்டிடறேன். குருடன் வேலை குருடன் வேலைதான். நான் பூட்டாம இருந்தா இந்தத் தடிச்ச குண்டே வீட்டுக்குள்ள வந்திருக்காது" என்றான் பர்ல். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாலு மாதமாக இவர்கள் கத்தினது என்ன, இப்போது கத்துவது என்ன? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை எனக்கு. அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். அவர்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றேன். "கார்லண்ட், உன் துப்பாக்கி, உன் குண்டு, உன் மேகசின், எல்லாத்தையும் இப்பவே எடுத்துட்டுப் போ. நல்ல துப்பாக்கிதான், உன் வீட்டுல நல்லா இருக்கட்டும். இனிமே இந்த வீட்டுல ஒரு தினுசு குண்டுதான்."

"அவன் பூட்டினதை நம்பியா போகப் போற?" என்றான் கார்லண்ட். கேலியாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டான்.

"இன்னிக்குக் காலைல கண்ணு இருந்தவ நான்தான். சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிச்சது அவன். ஆமா, நம்பித்தான் போறேன்."

நான் போய் பர்லின் நாற்காலிக்கு முன்னால் நின்றேன். "எழுந்திரு. போல்ட்டுக்கு எண்ணெய் போடணும்னு சொன்னியே" என்றேன்.

அவன் எழுந்திருக்க நேரம் பிடித்தது. எழுந்தான்.

மறுநாள் விடியற்காலை அவன் பூட்டினதை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றோம். போல்ட்டை விட்டேன். வண்டிக்குள்ளிருந்து, "உட்கார்ந்துடுச்சு" என்றான். தாய்ப் பன்றி முதல் வரிசைக்கு மூக்கைக் கொண்டுபோகும்போது சுட்டேன். விழுந்தது. கூட்டம் சிதறுவதற்குள் இன்னொன்று. அது தடுமாறி வரப்பிலேயே விழுந்தது. பாக்கியெல்லாம் ஆற்றில் பாய்ந்து அந்தக் கரைக்கு ஓடின. முளை விடுகிறவரை தினம் போனோம். இரண்டு தரம் அந்தக் கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன.

தின்றுபோன வரிசைகளில் மீதி விதையைப் போட்டு மூடினோம். ஜூன் கடைசியில் நாடின் வந்தாள். நிலம் முழுக்கப் பச்சை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. அது ஏன் அந்த ரெண்டு வரிசை மட்டும் குட்டையா இருக்கு?" என்றாள்.

நான் பர்லைப் பார்த்தேன். பர்ல் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான், சிரிப்பை மறைக்க.

"அது நான் முடிவெடுக்க லேட்டானதால" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. அடுத்த வருஷமும் நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது நான் முடியைத் துணி ரிப்பனால்தான் கட்டுகிறேன். வீட்டில் ரப்பர் பேண்ட் என்று ஒன்று கிடையாது, வந்தால் அன்றைக்கே குப்பையில். இருந்தாலும் விடியற்காலை வண்டியில் ஏறும் முன்னால் பர்ல் கையை நீட்டி என் பின்னந்தலையைத் தடவிப் பார்ப்பான்.

"ரிப்பன்தான் மனுஷா" என்பேன்.

"தெரியும்" என்பான். கையை உடனே எடுக்க மாட்டான். நானும் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.